ஆற்றுக்கு ஏன் காட்டின் நிறம்?

கேள்வி: ஐரோப்பிய விண்வெளி முகமையின் 2021 ‘வேர்ல்டுகவர்’ நில வகை ராஸ்டரில் (ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண் கொண்ட படத்தில்) சுந்தரவனத்தை மட்டும் வெட்டியெடுத்து, ஆர் (R) நிரல்மொழியில் ‘இமேஜ்’ கட்டளையால் வரைந்தேன். 11 நில வகைக்கும் 11 நிறங்களை வரிசையாகத்தான் கொடுத்தேன். ஆனால் ஆறுகளுக்கு அலையாத்திக் காட்டின் பச்சை வருகிறது. காடோ பாசிக்கு வைத்த வெளிர்மஞ்சளில் நிற்கிறது. எங்கே தப்பு?

பதில்: உங்கள் நிறங்களில் தப்பில்லை. நீங்கள் வகை என்று நினைத்த எண்ணை ஆர் அளவு என்று எடுத்துக்கொண்டுவிட்டது.

இந்தத் தரவில் மரங்களுக்கு 10, புதருக்கு 20 என்று பத்துப் பத்தாக எண்கள் ஏறும். நீர்நிலை 80, சதுப்புநிலம் 90. அப்புறம் அலையாத்திக்கு 95, பாசிக்கு 100. சுந்தரவனத்தில் பாசி வகை கிடையாது. ஆகவே உங்கள் துண்டில் எண்கள் 95-ஓடு நின்றுவிடும். ‘இமேஜ்’ என்ன செய்கிறது? 10 முதல் 95 வரையுள்ள தூரத்தை 11 சம பெட்டிகளாக வெட்டுகிறது. ஒரு பெட்டி ஏறத்தாழ 7.7. பத்தாவது பெட்டி 79.5-இல் தொடங்குகிறது, ஆற்றின் 80 அதில் போய் விழுகிறது. பத்தாவது நிறமோ நீங்கள் அலையாத்திக்கு வைத்தது! 90, 95 இரண்டும் கடைசிப் பெட்டியில். கட்டடப் பகுதிகளையும் பாருங்கள், வெறுந்தரையின் நிறத்தில் இருக்கும்.

சரி, தீர்வு. நிறத்தை வரிசையை நம்பி விடாமல் எண்ணோடு கட்டிவிடுங்கள். ராஸ்டர்களைக் கையாளும் ஆர் தொகுப்பான ‘டெர்ரா’வில் ‘கோல்டேப்’ கட்டளை இதற்குத்தான் இருக்கிறது: முதல் நெடுவரிசையில் 10, 20 முதலான எண்கள், இரண்டாவதில் அவற்றின் நிறங்கள் என ஓர் அட்டவணை செய்து ராஸ்டருக்குக் கொடுங்கள். வகைப் பெயர்களை அதே மாதிரி ‘லெவல்ஸ்’ வழியே சேர்த்துவிட்டு, ‘பிளாட்’ கட்டளையால் வரையுங்கள். படக்குறிப்பில் எண்ணுக்குப் பதில் பெயரே வரும். வேறு ஊரை வெட்டினாலும் நிறம் மாறாது.

மழையளவு, உயரம் போன்ற தொடர் அளவுகளுக்கு இது வேண்டாம். அங்கே எந்த அளவில் நிறம் மாற வேண்டும் என்று நீங்களே சொல்லும் ‘பிரேக்ஸ்’ போதும். எல்லைப் புள்ளிகள் நிறங்களைவிட ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

‘லெவல்ஸ்’ வேலையை, ராஸ்டரை வேறு வரைபட ஆயமுறைக்கு மாற்றும் ‘புரொஜெக்ட்’ கட்டளைக்கு முன்பே முடித்துவிடுங்கள். வகைத் தரவு என்று தெரிந்தால்தான் டெர்ரா தானாக, மிக அருகிலுள்ள பிக்சலின் எண்ணை அப்படியே எடுக்கும் ‘நியர்’ முறைக்குப் போகும். இல்லையென்றால் பக்கத்துப் பிக்சல்களைக் கலந்து சராசரி எடுக்கும். ஆற்றங்கரையில் 80-க்கும் 95-க்கும் நடுவே 87.5 என்று, எந்த வகையிலும் சேராத எண்கள் முளைக்கும்.