பெட்டிக்குள் அடங்காத நிலுவை

வணக்கம் அண்ணா. கல்முனையில் ஒரு அரிசி மில்லுக்குக் கணக்கு மென்பொருள் எழுதுகிறேன். பைதன் மொழி, திரையை அமைக்க அதன் டிகின்டர். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற்றினால் லேபிள்கள், அதாவது திரையில் சொற்களைக் காட்டும் பெட்டிகள், வெட்டுப்படுகின்றன. லேபிளின் அகலத்தை எழுத்துகளின் எண்ணிக்கையால் வகுத்து, எழுத்தின் அளவை மாற்றிப் பார்த்தேன். இப்போது திறந்தவுடன் விண்டோ தானாகவே பெருத்துக்கொண்டு போகிறது. பேசாமல் ஆங்கிலத்திலேயே விட்டுவிடவா?
— ஒரு வாசகர், கல்முனை

அன்புள்ள தம்பி,

ஆங்கிலத்தில் விடவேண்டாம். அந்தத் திரைக்கு முன்னால் உட்காரப்போகிறவர் நெல் மூட்டைக் கணக்கைத் தமிழில் எழுதிப் பழகியவர்.

பிழை அந்த வகுத்தலில்தான். 'மட்டக்களப்பு' நமக்கு 8 எழுத்து. பைதனைக் கேட்டால் 12 என்று சொல்லும். புள்ளியையும் உகரக் குறியையும் தனித்தனியாக எண்ணுகிறது. எண்ணிக்கை சரியாக வந்தாலும் பயனில்லை. 'ணை' பிடிக்கும் இடமும் 'ர' பிடிக்கும் இடமும் ஒன்றா? எண்ணாதீர்கள், அளந்து பாருங்கள். டிகின்டரின் எழுத்துருவுக்கு 'மெஷர்' என்று ஒரு வசதி உண்டு. சொல்லைக் கொடுத்தால் அது பிடிக்கும் அகலத்தைப் பிக்சலில், அதாவது திரைப் புள்ளிகளில், தரும். ஒரு வரியின் உயரத்துக்கு 'லைன்ஸ்பேஸ்'. அதை விட்டுவிட்டால் 'ழு'வின் வால் கீழே அறுந்துபோகும். இன்னொன்று: எழுத்தின் அளவை 20 என்று கொடுத்தால் அது பாயின்ட் என்ற அச்சு அளவு, -20 என்றால்தான் பிக்சல்.

விண்டோ ஏன் பெருக்கிறது? எழுத்து பெருத்தால் லேபிள் கூடுதல் இடம் கேட்கிறது, விண்டோ கொடுக்கிறது. லேபிள் அகன்றதும் உங்கள் கணக்கு மறுபடி ஓடி எழுத்தை இன்னும் பெருக்க வைக்கிறது. லேபிளை ஒரு ஃபிரேமுக்குள் (வெளிச்சட்டம்) வைத்து, ஃபிரேமுக்கு அளவு கொடுத்து, உள்ளே இருப்பதற்கேற்ப அது தன் அளவை மாற்றிக்கொள்ளும் 'ப்ரொபகேட்'டை நிறுத்திவிடுங்கள். அளவு மாறும்போது வரும் 'கன்ஃபிகர்' நிகழ்வை லேபிளில் கட்டாமல் ஃபிரேமில் கட்டுங்கள். அப்புறம் உள்ளே இருப்பது வெளியே இருப்பதைத் தள்ளாது.

பெட்டிக்குள் அடங்கும் பெரிய எழுத்தளவைத் தேட ஒவ்வொன்றாக ஏறவேண்டியதில்லை. 16 பிக்சல் முதல் 47 வரை 32 அளவுகள். நடுவில் பாதி பாதியாக வெட்டிக்கொண்டு போனால் 5 அல்லது 6 தடவை அளந்தால் போதும்.

16க்குக் கீழே மட்டும் போகவிடாதீர்கள். நான் ஒருமுறை விட்டேன். ஏறாவூர்ப் பக்கம் ஒரு கடை. கணக்கு எழுதும் ஐயா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரையில் விரலை வைத்து, 'கொள்வனவு' என்ற சொல்லை எழுத்தெழுத்தாக வாசித்தார். 'ள்'ளின் புள்ளி அவருக்குத் தெரியவேயில்லை. எல்லாம் பெட்டிக்குள் அழகாக அடங்கியிருந்தது, வாசிக்கத்தான் முடியவில்லை. அன்றைக்கு எனக்கு நெஞ்சு சுட்டது. 16இலும் அடங்காவிட்டால் 'ராப்லெங்த்' (வரி மடியும் அகலம்) கொடுத்து இரண்டாம் வரிக்கு இறக்குங்கள், ஃபிரேமின் உயரத்தைக் கூட்டுங்கள். அதற்கும் இடமில்லையென்றால் சொல்லை மாற்றுங்கள். 'செலுத்த வேண்டிய நிலுவைத் தொகை' எதற்கு? 'நிலுவை' என்றால் மில்லில் எல்லோருக்கும் விளங்கும்.

சிங்களத்தையும் இப்போதே போட்டுப் பாருங்கள். அம்பாறையில் இன்னொரு மில் கேட்கும்போது திரும்ப முதலிலிருந்து தொடங்கவேண்டி வராது. எந்த லேபிள் கடைசிவரை அடங்கவில்லை என்று எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.