ரெஸில்மேனியா தோற்றுப்போன உலகம்: ஒரு நாவலாசிரியருக்குப் பதில்

கேள்வி: 1985இல் நடந்த முதல் ரெஸில்மேனியா என்ற மல்யுத்தப் பெருநிகழ்ச்சி படுதோல்வி அடைந்து, அதை நடத்திய வின்ஸ் மக்மஹோன் திவாலாகிவிடுவதாக ஒரு நாவல் எழுதுகிறேன். அவருடைய டபிள்யூ டபிள்யூ எஃப் கம்பெனி (இன்றைய டபிள்யூ டபிள்யூ ஈ) காணாமல்போய், பழையபடி அந்தந்த வட்டாரத்துக் கம்பெனிகளே மல்யுத்தம் நடத்துவதாகக் கதை போகிறது. நம்பும்படி இருக்குமா? எங்கே கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: முதல் பாதியை நம்பலாம். இரண்டாம் பாதியை மாற்றுங்கள். மக்மஹோன் விழுந்திருக்க முடியும், ஆனால் அவர் விழுந்தாலும் பழைய வட்டாரங்கள் பிழைத்திருக்காது.

முதலில் தோல்வியை எப்படி நடத்துவது என்று பார்ப்போம். காலி அரங்கத்தை வைத்து ஒரு காட்சி எழுதியிருந்தால் எடுத்துவிடுங்கள். 1985 மார்ச் 31 அன்று நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டனுக்கு வந்தவர்கள் 19,121 பேர். அது மக்மஹோன் குடும்பத்தின் சொந்தக் கோட்டை. மக்மஹோனின் நட்சத்திர வீரர் ஹல்க் ஹோகனும் நடிகர் மிஸ்டர் டியும் ஒரு பக்கம், ராடி பைப்பரும் பால் ஆர்ன்டார்ஃபும் மறுபக்கம் என்றால் அந்த ஊரில் கூட்டம் வராமல் இருக்காது.

அவர் பணயம் வைத்தது வேறு இடத்தில். சினிமாக் கொட்டகைகளிலும் விளையாட்டு அரங்குகளிலும் பெரிய திரை கட்டி, டிக்கெட் வாங்கியவர்களுக்கு மட்டும் நேரடியாகக் காட்டும் முறை அப்போது இருந்தது. பெரிய குத்துச்சண்டைகளை அப்படித்தான் விற்றார்கள். ரெஸில்மேனியாவை அமெரிக்கா முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் இப்படித் திரையிட்டார்கள், பார்த்தவர்கள் பத்து லட்சத்துக்கு மேல். உங்கள் தோல்வி அந்தத் திரைகளில்தான் நடக்க வேண்டும்.

அதற்கு நீங்கள் எதையும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பிட்ஸ்பர்க் நகரில் அன்று ஒளிபரப்பு நிஜமாகவே பாதியில் அறுந்தது. காசு கொடுத்து வந்த கூட்டம் கொதித்துப்போய்த் திரையை நோக்கிக் கையில் கிடைத்ததை எறிந்தது. பிறகு அந்த ஊர்த் தொலைக்காட்சியில் முழு நிகழ்ச்சியையும் இலவசமாகக் காட்டிச் சமாதானம் செய்தார்கள். ஒரு ஊரில் நடந்ததை நாற்பது ஊருக்கு விரித்துப் பாருங்கள். டிக்கெட் பணத்தைத் திருப்ப வேண்டும், அரங்குக்காரர்கள் வாசலில் நிற்பார்கள். முகமது அலி, லிபராச்சி, சிண்டி லாப்பர் என்று அழைத்துவந்த பிரபலங்களுக்கான செலவோ ஏற்கெனவே செய்தாகிவிட்டது.

பணத்தைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு, அதை விட்டுவிடாதீர்கள். நிஜத்தில் ரெஸில்மேனியா முடிந்து ஆறே வாரத்தில், மே 11 அன்று, என்பிசி தொலைக்காட்சி டபிள்யூ டபிள்யூ எஃப் நிகழ்ச்சியை ஒளிபரப்பத் தொடங்கியது. செப்டம்பரில் சிபிஎஸ்ஸில் ஹோகனை நாயகனாக வைத்துக் குழந்தைகளுக்கான கார்ட்டூன் வந்தது. வீட்டில் இருக்கும் அம்மாவும் பிள்ளையும் ஹோகனைத் தெரிந்துகொண்டது இந்த வழியில்தான். பிட்ஸ்பர்க் போல நாற்பது ஊர் என்றால் எந்தத் தொலைக்காட்சியும் மக்மஹோனின் தொலைபேசியை எடுத்திருக்காது.

ஆனால் மக்மஹோனை அடியோடு அழித்துவிடாதீர்கள். நியூயார்க், பாஸ்டன், பிலடெல்பியா ஆகியவை அப்பா காலத்திலிருந்து கூட்டம் கூடும் ஊர்கள். கடனில் மூழ்கினாலும் அவரோ, அவரிடமிருந்து வாங்குபவரோ அங்கே கடை நடத்திக்கொண்டேதான் இருப்பார்கள். நாடு முழுக்கப் பரவும் கனவு மட்டும் செத்துவிடும்.

சரி, வட்டாரங்களுக்கு வருவோம். 1948இல் உருவான என்டபிள்யூஏ என்ற வட்டாரக் கம்பெனிகளின் கூட்டமைப்பின் அடிப்படை ஒன்றுதான்: உன் எல்லைக்குள் நான் வரமாட்டேன், என் எல்லைக்குள் நீ வராதே. சாம்பியன் மட்டும் ஊர் ஊராகப் போய் அந்தந்த ஊர் நாயகனோடு மோதுவார். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அது. ஒவ்வொரு ஊருக்கும் சொந்தக் கதை, சொந்த நாயகன் இருந்தார்கள். ஆனால் அந்த எல்லைச் சுவரில் முதல் ஓட்டை மக்மஹோன் போட்டதல்ல. 1976 கடைசியில் டெட் டர்னரின் அட்லாண்டா தொலைக்காட்சி நிலையம் செயற்கைக்கோளில் ஏறியபோதே ஜார்ஜியா மல்யுத்தம் நாடெங்கும் தெரியத் தொடங்கிவிட்டது. தன் ஊர் ஆட்டத்தைவிடப் பெரிய ஆட்டத்தை வீட்டுத் திரையில் பார்த்துவிட்ட ரசிகரை, பழைய எல்லைக்குள் யாராலும் அடைக்க முடியாது.

மற்ற கம்பெனிகளின் சரிவையும் பாருங்கள். டெக்சஸில் வான் எரிக் குடும்பத்து மல்யுத்த சகோதரர்களுக்காக ஊரே திரண்டது. டேவிட் 1984இல் ஜப்பானில் இறந்தார், கெர்ரியின் பாதம் 1986இல் ஒரு மோட்டார் சைக்கிள் விபத்தில் சிதைந்தது, மைக் 1987இல் தற்கொலை செய்துகொண்டார். அந்தக் குடும்பத்தின் துயரத்துக்கும் ரெஸில்மேனியாவுக்கும் சம்பந்தமே இல்லை. ஓக்லஹோமா, லூசியானா பக்கம் பில் வாட்ஸ் நடத்திய கம்பெனியை அடித்தது எண்ணெய் விலை வீழ்ச்சி. எண்ணெய் வயலில் வேலை போனவர் எந்தக் காசில் டிக்கெட் வாங்குவார்? மினியாபோலிஸில் கம்பெனி நடத்திய வெர்ன் காக்னே 1983 கடைசியிலேயே ஹோகனை மக்மஹோனிடம் இழந்திருந்தார். மக்மஹோன் விழுந்தால் இவர்களுக்குச் சில ஆண்டுகள் கூடுதலாகக் கிடைக்கும், அவ்வளவுதான்.

அப்படியானால் ஜெயிப்பது யார்? என் பதில், வட கரோலினாவில் மல்யுத்தக் கம்பெனி நடத்திய ஜிம் கிராக்கெட். 1983 நவம்பர் 24 அன்று, நன்றி செலுத்தும் நாளில், கிரீன்ஸ்பரோவில் ஸ்டார்கேட் என்ற பெருநிகழ்ச்சியை நடத்தி, திரையரங்குகளிலும் காட்டியவர். ரெஸில்மேனியாவுக்குப் பதினாறு மாதம் முந்தையது அது. டர்னர் நிலையத்தில் மக்மஹோன் பிடித்திருந்த சனிக்கிழமை நேரத்தை 1985இல் பத்து லட்சம் டாலர் கொடுத்து வாங்கியவரும் அவரே.

உங்கள் நாவலின் முக்கியத் திருப்பத்தை 1987இல் வையுங்கள். நிஜத்தில் அந்த ஆண்டு கிராக்கெட் ஸ்டார்கேட்டை கட்டணம் செலுத்திப் பார்க்கும் கேபிள் நிகழ்ச்சியாக்கினார். மக்மஹோன் அதே நாளில் சர்வைவர் சீரிஸ் என்ற தன் போட்டி நிகழ்ச்சியை அறிவித்து, 'ஸ்டார்கேட் காட்டினால் அடுத்த ரெஸில்மேனியா உங்களுக்குக் கிடையாது' என்று கேபிள் கம்பெனிகளை மிரட்டினார். கிட்டத்தட்ட எல்லோரும் பணிந்தார்கள். அந்த மிரட்டலுக்குப் பலம் கொடுத்தது ரெஸில்மேனியாவின் வசூல். உங்கள் உலகில் அது இல்லை, எனவே மிரட்ட ஆளும் இல்லை. ஸ்டார்கேட் தடையில்லாமல் ஓடும்.

ஆனாலும் கிராக்கெட் கையில் காசு நிற்காது. சொந்த விமானம், பில் வாட்ஸின் கம்பெனி என்று வாங்கிக்கொண்டே போனவர் அவர். நிஜத்தில் 1988 நவம்பரில் டர்னருக்கு விற்றார். உங்கள் கதையில் அதை இரண்டு மூன்று ஆண்டு தள்ளிப்போடலாம், தவிர்ப்பது கடினம். ஆக, அங்கேயும் நாடு முழுக்க ஒரே பெரிய கம்பெனிதான் எழும். உரிமையாளரும் சுவையும்தான் வேறு. கார்ட்டூன் வண்ணம் இருக்காது. கிராக்கெட்டின் நட்சத்திரம் ரிக் ஃபிளேர் அறுபது நிமிடம் வியர்வை சொட்ட ஆடுவதும், ரத்தமும், இரும்புக் கூண்டும்தான் அடையாளமாக இருக்கும்.

ரகசியக் காப்பையும் மறக்காதீர்கள். முடிவு முன்பே தீர்மானிக்கப்பட்டது என்பதை வெளியில் ஒத்துக்கொள்ளக் கூடாது என்ற தொழில் விதிக்கு கேஃபேப் என்று பெயர். 1984 டிசம்பரில் 'இது போலிதானே' என்று கேட்ட ஏபிசி தொலைக்காட்சி நிருபரின் காதில் டபிள்யூ டபிள்யூ எஃப் வீரர் டேவிட் ஷூல்ட்ஸ் இரண்டு முறை அறைந்தார். அவ்வளவு இறுக்கமாகக் காத்ததை 1989இல் நியூஜெர்சி சட்டமன்றத்தில் மக்மஹோனின் கம்பெனியே, விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாட்டிலிருந்து விலக்குப் பெறுவதற்காக ஒத்துக்கொண்டது. உங்கள் உலகில் 90களிலும் வீரர்கள் அந்த ரகசியத்தைக் காத்துக்கொண்டிருக்கலாம். நாவலுக்கு இது பெரிய சொத்து, நன்றாகப் பயன்படுத்துங்கள்.

ஆட்களைப் பொறுத்தவரை, ஹோகன் பட்டினி கிடக்க மாட்டார். 1983இலேயே ஜப்பானில் அந்நாட்டு நட்சத்திர வீரர் அன்டோனியோ இனோகியை வீழ்த்தியவர், அங்கே அவருக்கு வரவேற்பு இருந்தது. அண்டர்டேக்கர் விஷயம் நம் வாசகர்களுக்கு வலிக்கும். 1987இல் டெக்சஸில் தொடங்கி, டர்னர் கம்பெனி வழியாக வந்த அவருக்குச் சவப்பெட்டிக்காரர் வேடத்தை 1990இல் கொடுத்தது டபிள்யூ டபிள்யூ எஃப். அது இல்லையென்றால் அவர் உயரமான, சிவப்பு முடி டெக்சஸ்காரராகவே இருந்திருப்பார். நம் பிள்ளைகள் டிரம்ப் கார்டு விளையாடியபோது அந்தச் சீட்டுக்காகப் போட்ட சண்டையும் நடந்திருக்காது.

கடைசியாக ஒரு யோசனை. முதல் அத்தியாயத்தை நியூயார்க்கில் வைக்காதீர்கள். பிட்ஸ்பர்க்கில், பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்த ஒரு இரும்பாலைத் தொழிலாளியிடம் கொடுங்கள். ஹோகன் இன்னும் வரவில்லை. திரை அணைகிறது. பிள்ளை, எப்போது வருவார் என்று கேட்கிறது.