எலும்பு முறிவு விரைவில் கூட அல்ட்ராசவுண்ட் கருவி வாங்கலாமா?

கீழ்க்கால் எலும்பு முறிந்து, உள்ளே ராடு பொருத்தப்பட்டுள்ள ஒருவர், நாளுக்கு 20 நிமிடம் வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் அல்ட்ராசவுண்ட் கருவி எலும்பைச் சீக்கிரம் கூடச் செய்யும் என்று கேள்விப்பட்டு, விலை அதிகமானாலும் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார். நான் பிசியோதெரபிஸ்ட்டாகப் பணிபுரிகிறேன். அறுவை சிகிச்சை முடிந்து வருபவர்களின் வீட்டாரும் என்னிடம் இதைக் கேட்பதுண்டு. புதிதாக ஏற்பட்ட முறிவுக்கு இதை வாங்க வேண்டாம் என்பதே என் பதில். ஒரு காலத்தில் நல்ல சான்று இருப்பதாகத் தோன்றிய சிகிச்சை இது என்பதால், அந்தச் சான்று பின்னர் எப்படிக் கரைந்தது என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

தசைப்பிடிப்புக்கு எங்கள் கிளினிக்குகளில் ஜெல் தடவித் தேய்க்கும் அல்ட்ராசவுண்ட் வேறு, இது வேறு. அதன் வலிமை பெரும்பாலும் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 வாட் அளவில் இருக்கும். எலும்புக்கான கருவியோ 1.5 மெகாஹெர்ட்ஸ் ஒலியைத் தொடர்ச்சியாக அன்றி இடைவெளி விட்டு, சராசரியாக வெறும் 30 மில்லிவாட் வலிமையில் அனுப்புகிறது. இதனால் சூடோ அதிர்வோ தோலில் தெரிவதில்லை. ஆய்வாளர்களுக்கு இது பெரிய வசதி. உள்ளே ஒலி எழுப்பாத போலிக் கருவியை ஒருவரிடம் கொடுத்தாலும் அவரால் வேறுபாட்டைக் கண்டுபிடிக்க முடியாது.

மெல்லிய ஒலி அதிர்வு முறிந்த இடத்தின் செல்களைத் தூண்டிப் புது எலும்பு உருவாவதை விரைவுபடுத்தும் என்ற கருத்தை, பிரேசிலைச் சேர்ந்த ஆய்வாளர் டுவார்டே 1983இல் முயல்களில் செய்த சோதனைகளின் மூலம் முன்வைத்தார். மனிதர்களில் முக்கியமான ஆய்வு 1994இல் அமெரிக்காவில் வெளியானது. மாவுக்கட்டு போடப்பட்ட 67 கீழ்க்கால் முறிவுகளை ஒப்பிட்டதில், உண்மைக் கருவி பெற்றவர்களுக்குச் சராசரியாக 96 நாளிலும், போலிக் கருவி பெற்றவர்களுக்கு 154 நாளிலும் எலும்பு கூடியதாக மருத்துவப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் காட்டின. அதே ஆண்டில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் புதிய முறிவுகளுக்கு இக்கருவியை அனுமதித்தது. இன்றும் விளம்பரங்களில் வரும் '38 சதவீதம் விரைவாக' என்ற கணக்கு இந்த 67 முறிவுகளிலிருந்து பிறந்ததுதான்.

எண்ணிக்கை சிறியது என்பது மட்டுமே இதில் குறை அன்று. எலும்பு கூடிவிட்டதா என்பதை எக்ஸ்ரேயில் தீர்மானிப்பது, தேர்ந்த மருத்துவர்களிடையேகூட ஒரே படத்துக்கு இரண்டு கருத்து வரக்கூடிய வேலை. அதைவிட முக்கியமாக, நோயாளிக்கு வேண்டியது படத்தில் தெரியும் கோடு மறைவது அல்ல. ஊன்றி நடப்பதும், வேலைக்குத் திரும்புவதும், வலியின்றித் தூங்குவதும்தான். முதலாவது விரைந்தால் மற்றவையும் விரையும் என்பது நியாயமான ஊகமே ஒழிய, நிரூபணம் அல்ல.

அந்த ஊகத்தைச் சோதித்தது 'டிரஸ்ட்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஆய்வு. 2008 முதல் 2012 வரை வட அமெரிக்காவின் 43 மருத்துவமனைகளில், கேள்வி கேட்டவரைப் போலவே கீழ்க்கால் எலும்பில் ராடு பொருத்தப்பட்ட 501 பேரைச் சேர்த்து, பாதிப் பேருக்கு உண்மைக் கருவியையும் பாதிப் பேருக்குப் போலிக் கருவியையும் குலுக்கல் முறையில் கொடுத்தார்கள். எக்ஸ்ரேயோடு, உடல் இயக்கம் எப்படி இருக்கிறது என்பதை நோயாளியின் வாயாலேயே கேட்டுப் பதிவு செய்ததுதான் இதன் சிறப்பு. நிதியுதவி செய்தவர்களில் கருவியைத் தயாரித்த நிறுவனமும் ஒன்று. தொடர்வதில் பயன் தெரியவில்லை என்று ஆய்வை முன்கூட்டியே நிறுத்தியதும் அதே நிறுவனம்தான். 2016இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான முடிவுகளின்படி, இயக்கம், வேலைக்குத் திரும்புதல், முழு எடையையும் ஊன்றி நடத்தல், எக்ஸ்ரேயில் கூடிய வேகம் ஆகிய எதிலுமே இரு குழுக்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கருவியைத் தயாரித்த நிறுவனமும் பணம் கொடுத்து நடந்த ஆய்விலிருந்தே இந்த முடிவு வந்திருப்பதால், இதை நான் கூடுதலாகவே நம்புகிறேன்.

ராடு பொருத்தியவர்களுக்குப் பயன்படாவிட்டாலும் மாவுக்கட்டு போட்டவர்களுக்குப் பயன்படலாமே என்ற மறுப்பு எழுந்தது. 1994 ஆய்வில் இருந்தவர்கள் அவர்களே என்பதால் அது நியாயமான மறுப்புதான். ஆனால் நெதர்லாந்தில், அறுவை சிகிச்சை இல்லாமல் ஆறவிடப்பட்ட காறையெலும்பு (கழுத்துக்கும் தோளுக்கும் இடையிலுள்ள எலும்பு) முறிவு உள்ள 120 பேரிடம் நடந்து 2008இல் வெளியான ஆய்விலும் பயன் தென்படவில்லை. எல்லா ஆய்வுகளையும் தொகுத்துப் பார்த்தபோது, கவனமாக வடிவமைக்கப்பட்டவற்றில் பயன் இல்லை என்பதும், பயன் காட்டியவை பெரும்பாலும் குறைபாடுள்ள ஆய்வுகள் என்பதும் தெளிந்தன. அதன் அடிப்படையில் 2017இல் மருத்துவர்களும் எலும்பு முறிவுக்கு ஆளானவர்களும் சேர்ந்திருந்த ஒரு குழு, எந்த முறிவுக்கும் இக்கருவி வேண்டாம் என்று திட்டவட்டமாகப் பரிந்துரைத்தது.

இனி, 'அப்படியென்றால் ஆறு மாதமாகியும் கூடாத எலும்புக்கு என்ன செய்வது?' என்ற கேள்வி வரும். இதற்கு இன்னொரு பெரிய ஆய்வைச் சொல்ல வேண்டும். கனடா, அமெரிக்கா, நெதர்லாந்து நாடுகளில் 1,226 பேரிடம் நடந்து 2008இல் வெளியான 'ஸ்பிரிண்ட்' ஆய்வின் நோக்கம், ராடு பொருத்துமுன் எலும்பின் உட்குழியைக் குடைந்து அகலப்படுத்துவது நல்லதா என்று அறிவது. ஆய்வு விதியாக, எலும்பு கூடவில்லை என்ற காரணத்துக்காக முதல் ஆறு மாதத்துக்குள் மறு அறுவை சிகிச்சை செய்வதில்லை என்று வைத்திருந்தார்கள். விளைவாக, அந்தக் காரணத்துக்கான மறு அறுவை சிகிச்சைகள் முந்தைய ஆய்வுகளில் பதிவானதைவிட வெகுவாகக் குறைந்தன. மெதுவாகக் கூடும் எலும்புகளில் பல, காத்திருந்தாலே கூடிவிடுகின்றன. அந்தக் காத்திருப்புக் காலத்தில் கருவி வாங்கியவர், கூடியதற்குக் கருவியே காரணம் என்று நம்புவது இயல்பு; ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வுகளும் இதே வலையில்தான் விழுகின்றன. நெடுநாள் கூடாத முறிவுகளில் இக்கருவிக்கு ஆதரவாகக் காட்டப்படுபவை பெரும்பாலும் இத்தகைய ஆய்வுகளே. அந்த நிலையில் இருப்பவர், முறிவில் அசைவு இருக்கிறதா, கிருமித்தொற்று இருக்கிறதா என்று முதலில் எலும்பு மருத்துவரிடம் பார்த்துக்கொள்வது முக்கியம். அவ்விரண்டையும் எந்த ஒலியும் சரிசெய்யாது.

புகைப்பவராக இருந்தால் நிறுத்துங்கள். எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்துவதில் புகைக்கு உள்ள பங்கு நன்கு அறியப்பட்டது. சர்க்கரை நோய் இருந்தால் கட்டுக்குள் வையுங்கள். எவ்வளவு எடையை எப்போது ஊன்றலாம் என்பதை அறுவை சிகிச்சை செய்தவரிடம் தெளிவாகக் கேட்டு, அனுமதித்த அளவுக்கு நடங்கள். கருவிக்கென வைத்திருந்த பணம் கையில் இருந்தால் பிசியோதெரபிக்குச் செலவிடலாம் என்று நான் சொன்னால், என் தொழிலுக்கு ஆதாயம் தேடுவதாக நினைக்க வேண்டாம். ஏற்கெனவே கருவியை வாங்கிவிட்டவர்களுக்கு, அதனால் தீங்கு விளைந்ததாக அந்த ஆய்வுகளில் தெரியவில்லை. திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுத்துவிடுங்கள், முடியாவிட்டால் அந்த 20 நிமிடத்துக்காக நடைப்பயிற்சியைத் தள்ளிப்போடாதீர்கள்.