உறுதிப்பூசுதலுக்கு அப்பாவே நிற்கலாமா?

பெங்களூரிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: மகன் பத்தாவது படிக்கிறான், அடுத்த மாதம் பங்குக் கோயிலில் உறுதிப்பூசுதல் (ஞானஸ்நானம் வாங்கியவரைத் தைலம் பூசி விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் கத்தோலிக்கச் சடங்கு). ஞானஸ்நானம் நாங்குநேரி பக்கம் எங்கள் ஊர்க் கோயிலில் நடந்தது. அன்று ஞானத்தகப்பனாகத் துணை நின்ற தாய்மாமாவுக்கு மஸ்கட்டில் லீவு கிடைக்கவில்லை, அவருக்குப் பதில் இவன் அப்பாவே நிற்கலாமா?

முடியாதுங்க. பெற்றவர்கள் ஞானப்பெற்றோராக நிற்கக் கூடாது என்று திருச்சபைச் சட்டமே சொல்கிறது. அதற்காக மாமா வேலையை விட்டுவிட்டு பிளைட் ஏறவும் வேண்டாம். ஞானஸ்நானத்துக்கு நின்றவரே இதற்கும் நின்றால் நல்லது, கட்டாயம் இல்லை. 16 வயது முடிந்து, தானும் உறுதிப்பூசுதல் வாங்கி, பூசை, நன்மை (நற்கருணை) என்று ஒழுங்காக இருக்கும் கத்தோலிக்கர் யாரானாலும் சரி. பையனுக்கு ஆண்தான் நிற்க வேண்டும் என்பதும் வெறும் வழக்கம்தான். சித்தி நிற்கலாம், ஆச்சி நிற்கலாம். என்னைக் கேட்டால் ராத்திரி பிள்ளையை உட்காரவைத்து செபமாலை சொல்கிற ஆச்சியைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்காது.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் பின்னால் இழுத்தடிக்கும்: பெயர். ஊர்ப் பதிவேட்டில் அந்தோணி மிக்கேல் என்று இருக்கும், ஆதாரில் கெவின் என்று இருக்கும், மறைக்கல்வி டீச்சர் ஸ்கூல் பெயரையே எழுதிவைத்திருப்பார். இங்கே பேராயர் பூசி முடித்ததும் பெங்களூர்ப் பங்கிலிருந்து ஊர்ப் பங்குக்கு எழுதி, அந்தப் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே குறிக்க வேண்டும். பெயர் பொருந்தாவிட்டால் அங்கே உபதேசியார் எந்த வரியில் குறிப்பார்? நாளைக்கு அவன் கல்யாணத்துக்குக் கோயிலில் ஓலை வாசித்து அறிவிக்கும் நேரத்தில் ஊருக்கும் பெங்களூருக்குமாக அலைய வேண்டிவரும். அதனால் இப்போதே ஞானஸ்நான சர்ட்டிபிகேட்டை வரவழைத்து, அதில் உள்ள பெயரையே கொடுங்கள். சடங்கு முடிந்து ஒரு மாதம் கழித்து ஊர்ச் சாமியாருக்கு ஒரு போன் போட்டு, குறித்தாயிற்றா என்று கேட்டுவிடுங்கள்.

மற்றதெல்லாம் ஒத்திகையிலேயே சொல்லித்தருவார்கள். முன்கூட்டியே சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) செய்யட்டும். அன்றைக்கு ஆச்சி வலது கையை அவன் தோளில் வைத்து நிற்பார், பேராயர் கட்டைவிரலால் நெற்றியில் கிறிஸ்மா என்கிற புனிதத் தைலத்தால் சிலுவை போடுவார், இவன் ஆமென் என்பதை வாய்க்குள் முனகாமல் சொல்ல வேண்டும். கன்னத்தில் ஒரு தட்டு விழும் என்று ஆச்சி பயமுறுத்தியிருந்தால் கண்டுகொள்ளாதீர்கள், அது 1971 திருத்தத்தோடு போய்விட்டது. அப்புறம், நெற்றியை மறைக்கும் அந்த முன்முடியை வெட்டிவிட்டு அனுப்புங்கள்.