பீலிக்கு மேலே கக்கூஸ் குழி: யாரிடம் முறையிடுவது?

கேள்வி: ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருக்கிறோம். கக்கூஸ் குழி நிரம்பி, கசிவு பீலிப் பக்கம் (ஊற்றிலிருந்து நாங்கள் குடிதண்ணீர் பிடிக்கும் இடம்) இறங்குகிறது. தோட்ட ஆபீஸைக் கேட்டால் பிரதேச சபைக்குப் போகச் சொல்கிறார்கள், சபையில் தோட்டத்தைக் கேட்கச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: முதலில் உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) அங்கேதான் இருக்கிறார். தோட்டம் என்பதற்காக அவர் வராமலிருக்க முடியாது.

வாய்ப்பேச்சு போதாது, எழுதிக் கொடுங்கள். தமிழிலேயே எழுதலாம். "லயம் சரியில்லை" என்று மட்டும் எழுதினால் கடிதம் கோப்பிலேயே தூங்கும். தோட்டம், டிவிசன், லய இலக்கம், எத்தனை குடும்பத்துக்கு எத்தனை கக்கூஸ், கசிவு தொடங்கிய திகதி, வயிற்றோட்டம் கண்ட பிள்ளைகள் எத்தனை பேர் என்று எழுதுங்கள். குழிக்கும் ஊற்றுக்கும் இடையே நாடா பிடித்து அளந்து படமெடுங்கள். பொதுவாக 50 அடியாவது இருக்க வேண்டும். மலைச்சரிவில் அதுவும் போதாது: குழி மேலேயும் ஊற்று கீழேயும் இருந்தால் மழைநாளில் கழிவு மண்ணுக்குள்ளேயே இறங்கி வந்துவிடும், தண்ணீர் தெளிவாகத்தான் தெரியும். குழி மேலே இருப்பதைக் கட்டாயம் எழுதுங்கள். பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள், அல்லது பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

பரிசோதகர் வந்து சுகாதாரத்துக்குக் கேடான தொல்லை உண்டென்று கண்டால், பொறுப்பானவருக்குத் தவணை வைத்து அறிவித்தல் கொடுப்பார். செய்யாவிட்டால் நீதவான் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். நிர்வாகத்தை அசைப்பது பெரும்பாலும் அந்த அறிவித்தல்தான். ஒன்றை மறக்க வேண்டாம்: வாசலில் மூடாத பீப்பாயில் நுளம்புக் குடம்பி நெளிந்தால் உங்களுக்கும் அறிவித்தல் வரும்.

ஆள் வரவேயில்லையா? 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், முறைப்பாட்டுக்கு என்ன நடந்தது என்று அதே பணிமனையில் எழுதிக் கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும்.

சபைக்கும் ஒரு பிரதி கொடுங்கள். தோட்டக் குடியிருப்புக்குச் சபைப் பணத்தைச் செலவிட முன்பு சட்டம் தடையாக இருந்தது உண்மை. 2018இல் அதைத் திருத்திவிட்டார்கள். பழைய காரணத்தை இன்று சொன்னால் ஏற்காதீர்கள்.

சுவரிலோ நிலத்திலோ வெடிப்பு இருந்தால் அது மண்சரிவின் அறிகுறியாகலாம், பி.எச்.ஐ. வேலையல்ல. உடனே கிராம உத்தியோகத்தரிடமோ அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்திலோ சொல்லுங்கள். மழை பெய்துகொண்டிருந்தால் பதிலுக்குக் காத்திராமல் வெளியேறிவிடுங்கள்.

குழி சரியாகும்வரை பீலித் தண்ணீரைத் தளதளவெனக் கொதித்தபின் 3 நிமிடம் அடுப்பிலேயே விட்டு, ஆறவைத்துக் குடியுங்கள்.