அப்பா இன்னும் இருக்கிறார்

கேள்வி:

எனக்கு 31 வயது. திருநங்கை. ஊர் மட்டக்களப்பில் களுவாஞ்சிகுடிப் பக்கம். ஏழு வருடமாகக் கல்லடியில் அறை எடுத்துத் தையல் வேலை செய்கிறேன். நான் பெண் என்று ஏற்கிற பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் எடுத்து, பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் மாற்றிவிட்டேன். அரசாங்கமே ஒத்துக்கொண்டதை வீட்டார் ஒத்துக்கொள்கிறார்கள் இல்லை.

தங்கச்சியின் கலியாணத்துக்கு எனக்குச் சொல்லவில்லை. எங்கள் பக்கம் வீடுவளவு பெண்பிள்ளைக்குத்தானே, அவளுக்கு எழுதியதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் கலியாணத்துக்குச் சொல்லியிருக்கலாம். மாமி ரோட்டில் கண்டால் முகத்தைத் திருப்புகிறா. தம்பி இன்னும் பழைய பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறான். மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்குப் போனேன், ஊர்ப் பெடியன்கள் பார்த்துச் சிரித்தார்கள். ஆடி அமாவாசை, தகப்பன் இல்லாதவர்கள் விரதம் பிடிக்கிற நாள். எனக்கு அது இல்லை, அப்பா தங்கச்சி வீட்டில் படுக்கையில் என்றாலும் இருக்கிறார். அவருக்கு ஏதும் நடந்தால் மூத்த பிள்ளை நான்தான் கொள்ளி வைக்கவேண்டுமாம், முடியை வெட்டி வேட்டியோடு வா என்று தம்பி போனில் சொன்னான். அதை விடுங்கள். கலியாணத்துக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

பதில்:

அன்பு மகளுக்கு,

அதை விடுங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். என்னால் விட முடியவில்லை. கலியாணத்தை மூன்று தடவை சொன்னீர்கள். அப்பா படுக்கையில் இருப்பது ஒரே ஒரு வரி, அதுவும் விரதக் கதைக்குள்.

மாமி, தம்பி, பெடியன்கள் செய்ததெல்லாம் பிழைதான். அப்பா என்ன செய்தார்? கடிதத்தில் ஒன்றும் இல்லை. ஏழு வருடத்தில் அவரிடம் நீங்கள் நேரே கதைத்ததாகவும் இல்லை. மற்றவர்கள் சொன்னதையெல்லாம் அவரும் சொன்னதாக எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். இதில் நான் உங்கள் பக்கம் நிற்கமாட்டேன், மகள். வீட்டார் மேலுள்ள கோபம், அவரைப் பார்க்கப் போகாமல் இருக்க ஒரு சாட்டாகிவிட்டது.

2016இல் சுகாதார அமைச்சின் சுற்றறிக்கை வந்த பிறகுதான் அந்தச் சான்றிதழுக்கே வழி பிறந்தது. அதை எடுக்க எத்தனை மேசைக்கு முன்னால் நின்று 'நான் பெண்' என்று சொல்லியிருப்பீர்கள்! அந்தக் கட்டிலடியில் மட்டும் இன்னும் சொல்லவில்லை.

கொள்ளியைத் தம்பி வைக்கட்டும். முடியை வெட்டவே வேண்டாம். வேறொரு ஆளாக நின்று அப்பாவை வழியனுப்பினால் அது சாகும்வரை உறுத்தும். ஆனால், அப்பா உங்களை ஒரு தடவைகூடப் பார்க்காமல் போய்விடுவாரோ என்பதுதான் உங்கள் பயம் என்று எனக்குப் படுகிறது. சுடலைக்கு என்ன உடுத்துப் போவது என்று யோசிக்கிறீர்கள். அவர் கண் திறந்திருக்கும்போது என்ன உடுத்துப் போவது என்று யோசித்தீர்களா?

தங்கச்சிக்கு முதலில் போன் எடுங்கள். வீடு அவளுடையது, அவள் சம்மதித்தால் தம்பி தடுக்க முடியாது. கலியாணத்தைப் பற்றி அன்றைக்குக் கேட்க வேண்டாம், அந்தக் கோபத்தைப் பிறகு பார்க்கலாம். சேலையிலேயே போங்கள். அவரும் முகத்தைத் திருப்பக்கூடும், அப்படி நடந்தால் எனக்கு எழுதுங்கள், இருந்து கதைப்போம். உங்கள் ஊர்ப் பக்கம் போகிற கல்முனை பஸ் கல்லடியால்தான் போகிறது.