எலியா உட்கார்ந்து உண்ட வீடு

அன்புள்ள ஐயா,

தாராபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். சென்ற மாதம் எங்கள் தோட்டத்தில் ஆயிரம் அடிக்கு போர் போட்டோம்; புகைதான் வந்தது. அன்று காலை ஜெபம் செய்துவிட்டுப் போன போதகர், இப்போது அப்பாவுக்கு விசுவாசம் போதவில்லை என்றும், பஞ்சகாலத்தில் எலியா தீர்க்கதரிசிக்கு முதல் அடையைச் சுட்டுக் கொடுத்த சாறிபாத் ஊர் விதவையைப் போல முதல் பங்கை ஆண்டவருக்குக் கொடுத்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறார். அப்பா யாரிடமும் பேசுவதில்லை. என் கேள்வி இதுதான்: அந்த விதவையின் பானையில் மா தீராமல் இருந்தது உண்மையில் நடந்ததா? அக்கம்பக்கத்தார் கொடுத்து உதவியதைத்தான் அற்புதம் என்று எழுதிவைத்தார்களா?

அன்புள்ள தம்பி,

நடந்தது என்றே நம்புகிறேன். நிரூபித்துக் காட்ட என்னால் ஆகாது. அக்கம்பக்கத்தார் கொடுத்ததாக வேதத்தில் ஒரு வரியும் கிடையாது, அந்தப் பஞ்சத்தில் அவர்களுக்கே ஏது? அதை அதோடு விடுங்கள். இராஜாக்களின் முதலாம் புத்தகத்தில் 17-ஆம் அதிகாரத்தைச் சில வாரங்களாகத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. உங்கள் போதகரின் பேச்சுதான் என்னை எழுத உட்கார வைத்தது.

சாறிபாத் இஸ்ரவேலைச் சேர்ந்த ஊரல்ல. தீருவுக்கும் சீதோனுக்கும் இடையே, இன்றைய லெபனான் கடற்கரையில் இருந்தது. 1969 முதல் 1974 வரை அங்கே அகழ்ந்தபோது மண்பாண்டச் சூளைகள் கிடைத்தன. பானைக்குக் குறைவில்லாத ஊர், உள்ளே போடத்தான் ஒன்றும் இல்லை. பின்னாளில் எலியாவைக் கொல்லத் தேடிய இஸ்ரவேலின் ராணி யேசபேலின் தகப்பன் ஏத்பாகால் சீதோனியரின் ராஜா. மழைக்கு அதிபதி என்று பாகாலைக் கும்பிட்ட அந்த மண்ணிலேயே, கடைசி அடையைச் சுட்டுத் தின்றுவிட்டுச் சாகலாம் என்று விறகு பொறுக்கிக்கொண்டிருந்த ஒருத்தியின் அடுப்பை அணையாமல் காத்தவர் இஸ்ரவேலின் கர்த்தர் என்பதில்தான் அந்த அற்புதத்தின் வல்லமை இருக்கிறது.

முதலில் எனக்கு ஓர் அடை செய்து கொண்டுவா என்று எலியா கேட்டது உண்மை. அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் கத்தரித்துக்கொண்டு காணிக்கைப் பையோடு கிளம்புகிறவர்கள், அதன்பின் நடந்ததை ஏன் வாசிப்பதில்லை? எலியா அடையை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டவில்லை. அந்த வீட்டு மேலறையிலேயே தங்கினார். அவளும் அவள் வீட்டாரும் உண்ட அதே மாவை அநேக நாள் உண்டார். பானை காலியானால் பட்டினி கிடக்கப்போகிறவர்களில் அவரும் ஒருவர். முன்பு தாம் தண்ணீர் குடித்துவந்த கேரீத் ஆறு வற்றியபோது தாகத்தின் பயத்தை அறிந்தவர், தாம் சொன்ன வாக்குக்குத் தம் வயிற்றையே ஜாமீனாக வைத்தார். அந்த மாவும் குதிர் நிறையப் பெருகியதாக எழுதியிருக்கவில்லை, தீர்ந்துபோகவில்லை, அவ்வளவுதான்.

காங்கேயம் பக்கம் எங்கள் அம்மாவைப் பெற்ற அமுச்சி வீட்டுக்கு உபதேசியார் ஒருவர் சைக்கிளில் வருவார். மழை பொய்த்த ஒரு வருடம், அமுச்சி மொடாவைச் சாய்த்துப் பிடித்துக் கொட்டாங்குச்சியால் கம்பு மாவை வழித்தெடுத்த சத்தம் திண்ணைவரை கேட்டிருக்க வேண்டும். அவர் ஜெபத்தைச் சுருக்கமாக முடித்துவிட்டு உள்ளே வந்து, பிள்ளைகள் நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்து, “ஆத்தா, எனக்கு அரை உருண்டை போதுமுங்க” என்று களியை வாங்கித் தின்றார். இரவு திண்ணையில் படுத்திருந்துவிட்டு, காலையில் எங்களோடு புளித்த தண்ணீரைக் குடித்த பிறகே கிளம்பினார். விசுவாசத்தின் அளவைப் பற்றி அவர் அமுச்சியிடம் ஒரு வார்த்தையும் பேசியதாக எனக்கு நினைவில்லை.

அந்த விதவையின் விசுவாசமும் குறையற்றது அல்ல. அத்தனை நாள் மா தீராமல் இருந்ததைக் கண்ட பிறகும், மகன் இறந்தபோது, என் பாவத்தை நினைப்பூட்டி என் பிள்ளையைக் கொல்லத்தான் வந்தீரா என்று எலியாவையே கேட்டாள். அவர் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேலே போய்க் கர்த்தரிடம் முறையிட்டார், பிள்ளை பிழைத்தது. கர்த்தர் அவளுடைய விசுவாசத்தை அளந்து பார்த்து மா கொடுத்திருந்தால் அன்றைக்கே பானை காலியாகியிருக்கும்.

உங்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. அப்பா வாயடைத்துக் கிடக்கும்போது பிள்ளை உட்கார்ந்து அற்புதம் நடந்ததா என்று ஆராய்ச்சி செய்வதா? போர் போட்ட கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று அவரிடம் கேட்டீர்களா? இன்றைக்கே கேளுங்கள். போதகர் மறுபடி வந்தால் வாசலில் நிறுத்திப் பேசாதீர்கள்; உள்ளே அழைத்து, அன்றைக்கு வீட்டில் என்ன இருக்கிறதோ அதையே போட்டு, அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துச் சாப்பிடச் சொல்லுங்கள். முதல் பங்கைப் பற்றிய பேச்சை அவர் கை கழுவிய பிறகு வைத்துக்கொள்ளலாம்.